மார்ச் முதலாம் திகதி பிறந்தவள்

எண்ணும் கணினியும்: வரலாற்றுத் தொடர் – 17

1995ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி சாவகச்சேரியில் ஒரு பெண் பிள்ளை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். பின்னாளில் அவளுக்குக் கிடைக்கும் தேசிய அடையாள அட்டையின் எண் 95561 என்று தொடங்கும். முதல் இரண்டு இலக்கங்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தாள் என்பதைச் சொல்கின்றன. பெண் என்பதால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கிறது. 561இல் 500 போனால் 61. ஆண்டின் 61ஆவது நாள்.

கொஞ்சம் நிதானித்து விரல் மடக்கி எண்ணிப் பாருங்கள். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 28, ஆக 59. மார்ச் 1 என்பது 60ஆவது நாள் அல்லவா? 61 எங்கிருந்து வந்தது?

இலங்கை ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கில் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். லீப் வருடமோ சாதாரண வருடமோ, 366 நாள் என்றே எண்ணுகிறார்கள். இதில் பிழை எதுவும் இல்லை. இது ஒரு விதி. அந்த விதி தெரியாமல் அந்த எண்ணைக் கையில் எடுப்பவர்தான் பிழை செய்கிறார்.

இந்த எண் கணினிக்காகப் பிறந்ததல்ல. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ் 1972இல் அட்டைகள் வழங்கத் தொடங்கினார்கள். அது கோப்பும் பேரேடும் ஆண்ட காலம். ஆண்டுக்கு இரண்டு இலக்கம், நாளுக்கு மூன்று, தொடரெண்ணுக்கு மூன்று, எண்ணைப் பிழையாக எழுதினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. வாக்குரிமை உள்ளவருக்கு 'வி', இல்லாதவருக்கு 'எக்ஸ்'. பத்தே இடத்துக்குள் ஓர் ஆளின் வயதும் பாலும் வாக்குரிமையும் அடங்கிவிட்டன. காகிதத்தில் வேலை செய்யும் எழுதுவினைஞருக்கு இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்பதும் அவருக்கு வசதிதான். எல்லா ஆண்டுக்கும் ஒரே அட்டவணை போதும். மார்ச் 1 என்றால் என்றைக்கும் 61.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த அட்டைக்கு வேறொரு கனமும் உண்டு. போர்க்காலத்தில் அட்டை இல்லாமல் படலை தாண்டத் துணிந்தவர் குறைவு. சோதனைச் சாவடியில் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கூட்டம் கூட்டமாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, மேலே சொன்ன பிள்ளைக்கு ஏறக்குறைய எட்டு மாதம் ஆகியிருக்கும். அந்த இடப்பெயர்விலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் தொலைந்தவர்கள் ஏராளம். பொலிஸில் முறைப்பாடு, விதானையாரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகம், பிறகு ஆட்பதிவுத் திணைக்களம் என்று அவர்கள் அலைந்த அலைச்சலை யாழ்ப்பாணத்தில் அறியாத குடும்பம் இராது. ஆகவே சான்றிதழில் 1ஆம் திகதி, கணினியில் 2ஆம் திகதி என்று வந்தால் அது சின்ன விஷயமல்ல. கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, வெளிநாட்டு விசா என்று ஒவ்வொரு மேசையிலும் தான் தான்தான் என்று அவள் நிறுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த 2ஆம் திகதி எப்படி வருகிறது என்பதைக் கிட்ட நின்று பார்ப்போம்.

அலுவலகங்களுக்குக் கணினி வந்ததும் அடையாள அட்டை எண்ணில் ஒரு வசதி தெரிந்தது. எண்ணைத் தட்டினால் பிறந்த திகதியும் பாலும் தாமாக விழும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் மிச்சம். நிரல் எழுதுபவருக்கு இது மூன்று வரி வேலை. முதல் இரண்டு இலக்கத்தின் முன்னால் 19 போடு. அடுத்த மூன்று இலக்கம் 500ஐத் தாண்டினால் 500ஐக் கழி. மிஞ்சியதை ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எண்ணு. நாளை எண்ணித் திகதி சொல்லும் ஆயத்தச் செயற்கூறு இன்று எந்தக் கணினி மொழியிலும் கிடைக்கும். 1995 லீப் வருடம் அல்ல என்பது அதற்கு நன்றாகத் தெரியும். 61 என்று கொடுத்தால் மார்ச் 2 என்று திருப்பித் தரும். கணக்குச் சரி. விடை பிழை.

இந்த வழு ஒளிந்திருக்க இடங்கள் பல. எழுதியவர் ஜனவரியில் பிறந்தவரானால், தன் எண்ணைப் போட்டுப் பார்த்ததும் சரியாக வரும். 1992, 1996 போன்ற லீப் வருடத்தில் பிறந்தவரின் எண்ணைப் போட்டாலும் சரியாக வரும். மற்ற ஆண்டுகளில் மார்ச் முதல் டிசம்பர் வரையான 306 நாட்களுக்கும் ஒவ்வொரு நாள் தள்ளிப் போகும். இதைவிட நுட்பமான ஓர் இடமும் உண்டு. சாதாரண ஆண்டில் 060 என்ற நாள் எண் எவருக்கும் உரியதல்ல. அது வராத பெப்ரவரி 29க்கு ஒதுக்கிய இடம். யாராவது 95060 என்று தட்டினால் கை தவறியிருக்க வேண்டும், அல்லது எண் போலி. அந்த மூன்று வரி நிரலோ அதை மார்ச் 1 என்று ஏற்றுக்கொள்ளும். மெய்யான எண்ணுக்குப் பொய்யான திகதி, பொய்யான எண்ணுக்கு மெய்யான திகதி. இரண்டும் ஒரே வழுவின் வேலை.

அப்படியானால் ஒரு நிரல் சரியானது என்று எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்குக் கணிதத்தின் கண்டிப்போடு விடை எழுதியவர்களில் முதன்மையானவர் பிறந்தது இதே தீவில்தான். சார்ள்ஸ் அன்ரனி றிச்சட் ஹோர் 1934 ஜனவரி 11ஆம் திகதி கொழும்பில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை காலனித்துவ நிர்வாக சேவையில் இருந்தவர். தாய் ஒரு தேயிலைத் தோட்டத்துரையின் மகள். நமது அடையாள அட்டை அவருக்கு வாய்த்திருந்தால் நாள் எண் 011 ஆக இருந்திருக்கும். மேற்சொன்ன வழு அவர் எண்ணில் தலைகாட்டியிராது.

ஹோர் ஒக்ஸ்போர்டில் படித்தது கிரேக்க லத்தீன் இலக்கியங்களும் மெய்யியலும். கடற்படைச் சேவையில் ரஷ்ய மொழி கற்றார். மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயந்திர மொழிபெயர்ப்பைப் படிக்கப் போன இடத்தில், சொற்களை அகரவரிசைப்படுத்தும் தேவை எழுந்தபோது அவர் யோசித்த வழிதான் 'குயிக்சோர்ட்'. திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவர் முதல் உலகின் எந்த மாணவரும் அதைக் கடக்காமல் போக முடியாது. 1960இல் இங்கிலாந்தின் எலியட் பிரதர்ஸ் என்ற கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். 1968இல் பெல்பாஸ்ற் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த சில பக்கக் கட்டுரை ஒன்று அவர் பெயரை நிலைநிறுத்தியது.

நிரல் சரியானது என்று நிறுவும் அந்த வழியில் அவருக்கு முன்னோடிகள் இருந்தார்கள். ஒரு பெரிய நிரலை எப்படிச் சரிபார்ப்பது என்று அலன் ரூறிங் 1949இலேயே எழுதினார். றொபேட் ஃபுளொய்ட் 1967இல் அந்தச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தார். ஹோர் அதை மூன்று உறுப்புகளாகச் சுருக்கினார். நிரல் தொடங்குமுன் உண்மையாக இருக்க வேண்டியது முன்நிபந்தனை. நடுவில் நிரல். அது முடிந்தபின் உண்மையாகும் என்று வாக்களிப்பது பின்நிபந்தனை. முன்நிபந்தனை உண்மையானால், நிரல் முடிவுக்கு வரும்போது பின்நிபந்தனையும் உண்மை என்று தர்க்க முறைப்படி நிறுவலாம். முன்நிபந்தனை பொய்த்தால்? அப்போது நிரல் எதற்கும் பொறுப்பல்ல. என்னவும் நடக்கலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வரலாற்றின் பெரிய விபத்துகள் பல கிடக்கின்றன. 1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெற் புறப்பட்டு 40 விநாடிக்குள் சிதறியது. அதன் வழிகாட்டும் நிரலின் ஒரு பகுதி ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கிடைவேகத்தோடு தொடர்புடைய ஓர் எண் 16 பிற்றுக்குள், அதாவது 32,767க்குள் அடங்கும் என்பது அதன் முன்நிபந்தனை. ஏரியன் 4இல் அது என்றும் பொய்த்ததில்லை. புதிய ரொக்கெற் அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் பாய்ந்தது, எண் அடங்கவில்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அதைச் சுற்றியிருந்த உலகம்.

முன்நிபந்தனையைக் காகிதத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஓடும் நிரலே அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் ஹோர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்தே பிடிவாதமாக இருந்தார். 1960களின் தொடக்கத்தில் எலியட் 803 கணினிக்கு அல்கோல் 60 மொழியின் தொகுப்பியை அவரும் பின்னாளில் அவர் மனைவியான ஜில் பிம்மும் உருவாக்கினார்கள். நூறு எண்கள் உள்ள வரிசையில் 101ஆவதை ஒரு நிரல் கேட்டால், அந்தத் தொகுப்பி ஒவ்வொரு முறையும் எல்லையைப் பார்த்துத் தடுத்துவிடும். இதற்கு நேரமும் நினைவகமும் செலவாகும். அந்தக் காலத்தில் இரண்டும் தங்கம். ஆண்டுகள் சில கழிந்தபின் வாடிக்கையாளரிடம் கேட்டார்கள்: வேகம் வேண்டுமானால் இந்தச் சோதனையை நிறுத்தி வைக்கும் வசதி தரட்டுமா? வேண்டவே வேண்டாம் என்று ஒருமுகமாகச் சொன்னார்கள். நாளாந்த வேலையில் அந்தப் பிழை எத்தனை முறை வருகிறது, பிடிபடாமல் போனால் என்ன அழிவு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980இல் ரூறிங் விருதைப் பெற்று ஆற்றிய உரையில் ஹோர் இதை நினைவுகூர்ந்து, மொழிகளை வடிவமைப்பவர்கள் இந்தப் பாடத்தை இன்னும் கற்கவில்லை என்று கவலையோடு சொன்னார். அதற்கு முன்பே 1973இல் அவர் ஓர் உவமை காட்டியிருந்தார்: நிரலைச் சோதிக்கும்போது பாதுகாப்பைப் போட்டுவிட்டுப் பாவனைக்கு விடும்போது எடுத்துவிடுவது, கரையில் பயிற்சி எடுக்கும்போது மிதவை அங்கியை அணிந்து, கடலில் இறங்கும்போது கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். மீனவர் ஊர்களான குருநகரிலும் மயிலிட்டியிலும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

அந்த உரைக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 2ஆம் திகதி, அவர் அஞ்சியது நடந்தது. யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய ஒரு சிறிய சேவை நிரல், தனக்கு வரும் வரி 512 பைற்றுக்குள் இருக்கும் என்று நம்பியது. எல்லை பார்க்கவில்லை. அமெரிக்க மாணவர் றொபேட் மொறிஸ் எழுதிவிட்ட 'புழு' 536 பைற் நீளமான வரியை அனுப்பியது. வழிந்த பைற்றுகள் நினைவகத்தில் பக்கத்து இடத்தில் விழுந்து, கட்டளைகளாக ஓடத் தொடங்கின. கடவுச்சொற்களை ஊகிப்பது போன்ற வேறு வழிகளாலும் அது பரவியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள். எதிர்பாராத உள்ளீடு என்பது கை தவறியவரிடமிருந்து மட்டுமல்ல, திட்டமிட்டவரிடமிருந்தும் வரும் என்று உலகம் அன்றுதான் உறைக்கக் கண்டது.

நமது அட்டைக்குத் திரும்பினால், அதன் எண்ணுக்குள்ளும் ஒரு முன்நிபந்தனை 1972இலிருந்தே இருந்தது. ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதும், ஏனென்றால் எல்லாரும் 1900களில் பிறந்தவர்கள். முதல் அட்டைகள் வழங்கப்பட்ட அன்றே இது முற்றாக உண்மையல்ல. 1899இல் பிறந்தவருக்கு அப்போது 73 வயதுதான். 2000இல் பிறந்த பிள்ளைகள் அன்றைய விதிப்படி அட்டை பெறும் 16 வயதை 2016இல் எட்டினார்கள். 2016 ஜனவரி 1 முதல் எண் மாறியது. ஆண்டுக்கு நான்கு இலக்கம், நாளுக்கு மூன்று, தொடரெண்ணுக்கு நான்கு, சரிபார்ப்புக்கு ஒன்று. மொத்தம் 12 இலக்கம். எழுத்து போய்விட்டது. பெண்ணுக்கு 500 கூட்டுவதும் பெப்ரவரிக்கு 29 நாள் என்பதும் அப்படியே தொடர்ந்தன. உலகம் முழுவதும் 1999 டிசம்பரில் அஞ்சிய இரண்டிலக்க ஆண்டுக் குழப்பத்தை இலங்கையின் அடையாள அட்டை 16 ஆண்டு தாமதமாக, அமைதியாகக் கடந்தது.

ஆனால் அட்டை மாறியதும் நாட்டிலுள்ள நிரல்களெல்லாம் தாமாக மாறிவிடாது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் என்று மட்டுமே எதிர்பார்த்த நிரலுக்கு, 12 இலக்கத்தோடு வருபவர் ஆளே அல்ல. "பிள்ளை, சிஸ்டம் உங்கட நம்பரை எடுக்குதில்லை" என்று மேசைக்கு அப்பாலிருந்து வரும் குரல் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் புதிதல்ல. திரையில் 'செல்லுபடியற்ற எண்' என்று இருக்கும். அது உண்மையில் சொல்ல வேண்டியது: இந்த வடிவம் எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. முதலாவது எதிரில் நிற்கும் 16 வயதுப் பிள்ளையைச் சந்தேகிக்கிறது. இரண்டாவது நிரலின் எல்லையைச் சொல்கிறது.

இங்கேதான் பாதுகாப்பான நிரல் என்ற சொல்லை ஒரு படி மேலே எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பிழையானதைத் தடுப்பது பாதி வேலை. தடுக்கப்பட்டவர் மெய்யானவராக இருந்தால் அவருக்கு வழி விடுவது மற்றப் பாதி. வழி இல்லாத நிரலின் முன்னால் அலுவலருக்கு இரண்டே தெரிவுகள்: ஆளைத் திருப்பி அனுப்புவது, அல்லது இலக்கத்தைக் குறைத்து ஒரு 'வி'யைச் சேர்த்து நிரலை ஏமாற்றுவது. நல்ல மனம் கொண்ட அலுவலர் இரண்டாவதைச் செய்யக்கூடும். அன்றிலிருந்து அந்தப் பதிவேட்டில் ஒரு பொய் குடியேறிவிடும். அதைப் பின்னர் தேடிப் பிடிக்க எந்தச் சரிபார்ப்பு இலக்கமும் உதவாது.

பழைய எண்ணைப் புதிய வடிவில் எழுதுவது கடினமல்ல. முன்னால் 19, தொடரெண்ணின் தலையில் ஒரு 0. இந்த மாற்றத்தைச் செய்யாமல் இரண்டு வடிவத்தையும் ஒரே பதிவேட்டில் விட்டால் ஒரே ஆள் இருவராகிவிடுவார். செய்வதானால் சாதாரண ஆண்டில் வரும் 060 போன்ற ஆளில்லா எண்களையும், 367 முதல் 500 வரையும் 866க்கு மேலும் உள்ள நாள் எண்களையும் வாசலிலேயே நிறுத்த வேண்டும். சின்ன 'வி'யையும் பெரிய 'வி'யையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும். 'எக்ஸ்' உள்ளவரை மறந்துவிடக் கூடாது. எழுதியவரின் நண்பர் வட்டத்தில் 'எக்ஸ்' இல்லாதது அவரை மறப்பதற்குக் காரணமாகாது.

எண்ணைவிடப் பெயர் பொல்லாதது. யாழ்ப்பாணத்து வழக்கில் தந்தையின் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால்; குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றுமில்லை. 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்ற படிவத்தில் ஒரு புள்ளியைத் தட்டியோ இருக்கும் பெயரையே இரண்டு முறை எழுதியோ கடந்து போனவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நிறைய. வெறுமையை எப்படிக் குறிப்பது என்பது ஹோரையும் சுட்ட விஷயம். 1965இல் அல்கோல் டபிள்யூ மொழிக்காக, எதையும் சுட்டாத 'நல்' சுட்டியை அவர் கொண்டுவந்தார். செய்வது எளிதாக இருந்தது. வெறுமையை எதிர்பாராத நிரல்கள் அதன்மேல் இடறி விழுந்துகொண்டே இருந்தன. 2009இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டொலர் தவறு என்று அவரே பகிரங்கமாகச் சொன்னார்.

தமிழில் எழுதும்போது இன்னும் ஒரு சிக்கல். யோகேஸ்வரன் என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து. யூனிக்கோட்டில் அது பத்துக் குறி, யூ.ரி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற் வீதம் 30 பைற். பெயருக்கு 20 பைற் போதும் என்று ஆங்கிலத்தை மனத்தில் வைத்து ஒதுக்கிய இடத்தில் இந்தப் பெயர் 'யோகேஸ்' வரை வந்து, 'வ'வின் மூன்றில் இரண்டு பங்கோடு அறுந்து நிற்கும். அந்த இரண்டு பைற்றுக்குப் பொருளே இல்லை; வாசிக்கும் நிரலைப் பொறுத்துக் கேள்விக்குறியாகத் தெரியும், அல்லது நிரலே நின்றுவிடும்.

கொடிகாமம் என்ற ஊர்ப் பெயரின் முதலெழுத்தை எடுங்கள். 'கொ'வை, ஒகரக் குறியை ஒரே குறியாக இட்டும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை. இரண்டையும் ஒன்றென்றே கொள்ள வேண்டும் என்று யூனிக்கோட் விதித்திருக்கிறது, ஒருமைப்படுத்தும் முறையையும் தந்திருக்கிறது. அதைச் செய்யாத நிரலுக்கு இந்த ஊர் இரண்டு. ஒன்றில் தேடினால் மற்றதில் பதிந்தவர்கள் கிடைக்கமாட்டார்கள். நமது அயல்மொழியில் இது இன்னும் கடுமையாக வெடித்தது. 2018 பெப்ரவரியில், தெலுங்கின் 'ஜ்ஞா' கூட்டெழுத்து ஒன்று செய்தியில் வந்தாலே ஐஃபோன் செயலிகள் முடங்கி விழுந்தன. ஐஓஎஸ் 11.2.6 என்ற திருத்தத்தை அந்த மாதம் 19ஆம் திகதி அப்பிள் வெளியிட்ட பிறகே அது ஓய்ந்தது. உலகின் பணக்கார நிறுவனங்களில் ஒன்று, கோடிக்கணக்கானோர் எழுதும் ஒரு மொழியின் எழுத்தை முழுமையாகச் சோதித்திருக்கவில்லை.

குடாநாட்டின் அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் இந்தச் சிக்கல் வேறு பெயரில் தொடங்கியது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. திறப்பவரின் கணினியிலும் பாமினி இருக்கும் என்பதுதான் அதன் முன்நிபந்தனை. அப்படிச் சேர்ந்த கோப்புகளை யூனிக்கோட்டுக்கு மாற்றும் வேலை அடுத்த இதழில்.

(தொடரும்)